நிலாவில் குற்றவாளி யார்?

ஸ்டூவர்ட் கிப்ஸ் என்ற அமெரிக்க எழுத்தாளர் பிள்ளைகளுக்காக எழுதிய 'ஸ்பேஸ் கேஸ்' என்ற துப்பறியும் நாவலைச் சென்ற வாரம் படித்து முடித்தேன். 2014-இல் வந்த புத்தகம். கதை நடப்பது 2041-இல், நிலாவில். 'மூன் பேஸ் ஆல்ஃபா' என்று ஒரு சிறு குடியிருப்பு. சில விஞ்ஞானிகள், அவர்களுடைய குடும்பங்கள், கொட்டிக் கொடுத்துச் சுற்றுலா வந்த ஒரு பணக்காரக் குடும்பம், அவ்வளவுதான் ஊர். டாஷியல் கிப்சன் என்ற 12 வயதுப் பையன் கதை சொல்கிறான். அந்தக் குடியிருப்பின் டாக்டர் ஹோல்ட்ஸ் ஒருநாள் விடியற்காலையில் விண்வெளி உடையைச் சரியாக மாட்டாமல் வெளியே போய் இறந்துவிடுகிறார். புத்தி தடுமாறிச் செய்த காரியம் என்று பெரியவர்கள் முடிவு கட்டுகிறார்கள். ஆனால் சில மணி நேரத்துக்கு முன்னால்தான் பையன் கழிப்பறையில் உட்கார்ந்திருந்தபோது, டாக்டர் யாரிடமோ மிகுந்த உற்சாகத்தோடு பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டிருக்கிறான். அப்படிப்பட்டவர் சாகப் போவாரா? யாரோ கொன்றிருக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றுகிறது. அந்த யாரோ அதே கூரைக்குக் கீழேதான் இருக்கிறார். வெளியே போக வழியில்லை, வெளியிலிருந்து யாரும் வந்திருக்கவும் முடியாது.

முடிவைச் சொல்ல மாட்டேன், பயப்படாதீர்கள்.

வரலாறு நடத்தியவனுக்கு எந்தப் புத்தகத்தைப் படித்தாலும் அதன் தாத்தா யார், கொள்ளுத் தாத்தா யார் என்று தேடும் புத்தி போகாது. நிலாவுக்குப் போகிற கதைகளை ஐரோப்பாவில் 400 வருடமாக எழுதிவருகிறார்கள். அவற்றில் நமக்குத் தெரிந்த சிலவற்றை எடுத்து, கதையில் யார் மேல் சந்தேகம் விழுகிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டே வாருங்கள். அந்தந்தக் காலத்தில் பூமியில் இருந்தவர்கள் யாரைக் கண்டு பயந்தார்கள் என்பது தெரியவரும். அதைத்தான் இங்கே எழுத நினைத்தேன். (நம் பிள்ளைகளுக்கு நிலாவின் முதல் குடியேறி வடை சுடும் பாட்டிதான். பாட்டியைக் கண்டு யாரும் பயந்ததாகத் தெரியவில்லை.)

ஜோஹன்னஸ் கெப்ளரிடமிருந்து தொடங்க வேண்டும். கோள்கள் நீள்வட்டத்தில் சுற்றுகின்றன என்று கண்டுபிடித்த அதே கெப்ளர்தான். 'சோம்னியம்', அதாவது 'கனவு', என்று லத்தீனில் ஒரு கதை எழுதினார். மாணவராக இருந்தபோதே, நிலாவிலிருந்து பார்த்தால் வானம் எப்படித் தெரியும் என்று ஒரு கட்டுரை எழுதியவர் அவர். பிறகு 1609 வாக்கில் அதைக் கனவுக் கதையாக ஆக்கினார். ஐஸ்லாந்தில் ஒரு சிறுவன். அவன் தாய் மூலிகைகளைப் பைகளில் கட்டி மாலுமிகளுக்கு விற்பவள். பையன் ஒருநாள் ஆர்வத்தில் ஒரு பையைக் கிழித்துவிட, கோபத்தில் அவனையே கப்பல்காரனுக்குக் கொடுத்துவிடுகிறாள். அவன் டென்மார்க் போய் டைகோ பிராஹேயிடம் வானியல் கற்றுத் திரும்புகிறான். மனம் குளிர்ந்த தாய், தனக்குப் பழக்கமான ஓர் ஆவியை அழைக்கிறாள். அந்த ஆவி நிலாவைப் பற்றியும், அங்கே போகும் வழியைப் பற்றியும் சொல்கிறது. நிலாவின் ஒரு பாதியில் பூமி எப்போதும் வானத்தில் நிற்கும், மறுபாதிக்கு அது தெரியவே தெரியாது என்பதெல்லாம் அந்த ஆவி வாயிலாக கெப்ளர் நடத்தும் பாடம். அங்குள்ள உயிரினங்கள் வெயிலுக்குப் பயந்து குகைகளில் ஒளிந்துகொள்ளும். நிலாவில் தெரியும் வட்டப் பள்ளங்கள் அவர்கள் கட்டிய ஊர்கள் என்றே கெப்ளர் நினைத்தார். பிள்ளைகளுக்காக எழுதிய கதை இல்லை. ஆனால் நிலாக் குடியிருப்பு என்ற எண்ணம் அதில் இருக்கிறது.

இதில் மர்மம் எங்கே என்பீர்கள். மர்மம் புத்தகத்துக்கு வெளியே நடந்தது. கையெழுத்துப் பிரதி அச்சேறும் முன்பே கை மாறத் தொடங்கியது. கெப்ளரின் தாய் கதரீனாவும் மூலிகை மருந்து கொடுக்கிறவர்தான். லியோன்பெர்க் என்ற சிற்றூரில் தனியே வாழ்ந்துவந்த விதவை. அவர் கொடுத்த பானத்தைக் குடித்துத்தான் தனக்கு நோய் வந்தது என்று 1615-இல் ஊர்க்காரி ஒருத்தி சொல்ல, சூனியக்காரி என்ற பழி விழுந்தது. 1620 ஆகஸ்டில் கைது. எழுபது வயதைத் தாண்டிய கிழவியைச் சங்கிலியில் பிணைத்து 14 மாதம் வைத்திருந்தார்கள். சித்திரவதைக் கருவிகளை எதிரே பரப்பி, ஒவ்வொன்றும் என்ன செய்யும் என்று விளக்கி மிரட்டினார்கள். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. வேலையை விட்டுவிட்டு வந்த மகன் சாட்சிகளின் வாக்குமூலங்களை ஒவ்வொன்றாக எடுத்து, இந்த நோய்க்கு இயற்கையான காரணம் இது, இந்தச் சாட்சி முன்னுக்குப் பின் முரண்படுகிறது என்று எழுதி வாதாடினார். 1621 அக்டோபரில் விடுதலை. அடுத்த ஆண்டே அந்த அம்மாள் இறந்துபோனார்.

தன் நிலாக் கதையைப் படித்துவிட்டு, கதையில் வரும் தாயையும் தன் தாயையும் ஒன்றாக்கிப் பேசியதால்தான் இந்த வினை வந்தது என்று கெப்ளர் நம்பினார். அக்கம்பக்கத்துச் சண்டையும் அந்தக் காலத்துச் சூனிய வேட்டையுமே முக்கியக் காரணம் என்று இன்றைய வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். எப்படியிருந்தாலும், அதற்குப் பிறகு கெப்ளர் அந்தச் சின்னக் கதைக்கு 223 அடிக்குறிப்புகள் எழுதினார். இந்த வரிக்கு இதுதான் அர்த்தம், இது சூனியம் அல்ல, வானியல் என்று ஒவ்வொரு இடத்திலும் விளக்கம். பாதிக்கப்பட்ட மகன் எழுதிய விளக்கம் என்று நினைத்துக்கொண்டு படித்தால் அந்தக் குறிப்புகள் வேறுவிதமாகத் தெரியும். புத்தகம் வெளிவந்தது அவர் இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1634-இல்.

ஆக, முதல் நிலாக் கதையில் சந்தேகம் விழுந்தது நிலாவோடு பேசத் தெரிந்தவள் மேல்.

அடுத்த 200 ஆண்டுகளைத் தாண்டிப் போகிறேன். 1835 ஆகஸ்டில் நியூயார்க்கின் 'சன்' பத்திரிகை ஆறு தவணையாக ஒரு பெரும் புளுகை வெளியிட்டது. ஜான் ஹெர்ஷல் தன் புதிய தொலைநோக்கியில் நிலாவில் வௌவால் மனிதர்களையும், இரண்டு காலில் நடந்து குடிசை கட்டி வாழும் நீர்நாய் போன்ற விலங்குகளையும் பார்த்துவிட்டாராம். ஹெர்ஷல் உண்மையான வானியலாளர். அப்போது தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் இருந்தார். கப்பலில் கடிதம் போய் மறுப்பு வர மாதக்கணக்காகும் என்ற தைரியம் பத்திரிகைக்கு. வாட்ஸ்அப் வருவதற்கு முன்பும் இதெல்லாம் இருந்தது.

எச். ஜி. வெல்ஸ் 1901-இல் எழுதிய 'நிலாவில் முதல் மனிதர்கள்' நாவலில், நிலாவுக்கு உள்ளே எறும்புப் புற்று மாதிரி ஒரு சமூகம். இரண்டு மனிதர்கள் போகிறார்கள். ஒருவன் தங்கத்துக்கு ஆசைப்பட்டு, அங்குள்ளவர்களை அடித்து நொறுக்கிவிட்டுத் தப்பி வருகிறான். விஞ்ஞானி மட்டும் மாட்டிக்கொள்கிறார். நிலாவின் அரசனிடம் பூமியைப் பற்றிச் சொல்லும்போது, மனிதர்கள் போர் செய்து ஒருவரையொருவர் கொல்வதைப் பற்றியும் கள்ளங்கபடமில்லாமல் சொல்லிவிடுகிறார். கொஞ்ச நாளில் அவர் அனுப்பிவந்த செய்திகள் அறுந்துபோகின்றன. நிலாவாசிகளின் கண்ணில் சந்தேகத்துக்குரியவர்கள் நாம்தான் என்று முதலில் அழுத்தமாகச் சொன்ன கதை இதுவாக இருக்கலாம். பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் உச்சத்தில் இருந்த நேரத்தில் ஓர் ஆங்கிலேயர் எழுதியது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இதிலும் ஒரு பையன் வருகிறான். கடற்கரையில் இறங்கிய வாகனத்துக்குள் வேடிக்கை பார்க்க ஏறியவன் அதோடு வானத்தில் போய்விடுகிறான். வெல்ஸ் அவனை மீட்கவே இல்லை. சின்ன வயதில் எனக்கு அந்த அரசனைவிட இந்தப் பையன்தான் நினைவில் நின்றான்.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் நிலாக் கதை பிள்ளைகள் கைக்கு வருகிறது. ராபர்ட் ஹைன்லைன் 1947-இல் எழுதிய 'ராக்கெட் ஷிப் கலிலியோ'வில் பள்ளிக்கூடம் முடித்த மூன்று பையன்கள், ஒரு விஞ்ஞானி மாமாவோடு நிலாவுக்குப் போய்ச் சேருகிறார்கள். போனால் அங்கே ஏற்கெனவே நாஜிகள் முகாம் போட்டிருக்கிறார்கள்! ஹிட்லர் செத்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. போரில் தோற்றவன் எங்கேயோ ஒளிந்திருக்கிறான் என்ற பயம் நிலாவரைக்கும் போயிருக்கிறது.

பிறகு டின்டின். ஹெர்ஜே வரைந்த நிலாக் கதை 1950-இல் பத்திரிகையில் தொடங்கி, நடுவில் நீண்ட நாள் நின்று, 1953 கடைசியில் முடிந்தது. இரண்டு புத்தகங்கள். மனிதன் நிலாவில் கால் வைப்பதற்கு 15 வருடத்துக்கு முன்னால் வரைந்தது. நான் இதைப் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்லும்போதெல்லாம் வகுப்பு அமைதியாகிவிடும், ஏனென்றால் இதில் ஒரு கணக்கு இருக்கிறது. ராக்கெட்டில் நான்கு பேருக்குத்தான் பிராணவாயு: டின்டின், கேப்டன் ஹாடக், பேராசிரியர் கால்குலஸ், உதவிப் பொறியாளர் உல்ஃப். ஆனால் இரட்டைத் துப்பறிவாளர்கள் தாம்சனும் தாம்ப்சனும் இரவு 1.34-ஐப் பகல் 1.34 என்று நினைத்து, ராக்கெட்டுக்குள்ளேயே இருந்துவிடுகிறார்கள். அது தவிர, அந்நிய நாட்டு உளவாளி ஒருவன் சாமான்களுக்கு நடுவே ஒளிந்து வந்திருக்கிறான். நான்கு பேருக்கான காற்றை ஏழு பேர் சுவாசிக்கிறார்கள். துப்பறிய வேண்டியவர்களே காற்றைத் தின்று தீர்க்கிறார்கள் என்பது ஹெர்ஜேயின் குறும்பு. ஒரு மனிதனுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 840 கிராம் பிராணவாயு வேண்டும் என்பது விண்வெளிப் பொறியாளர்களின் கணக்கு. இந்த எண்ணைக் கரும்பலகையில் எழுதி, எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டால் கடைசி பெஞ்சுகூடக் கணக்குப் போடும்.

உளவாளியை உள்ளே விட்டவன் உல்ஃப். சூதாட்டக் கடனை வைத்து எதிரிகள் அவனைப் பிடித்திருந்தார்கள். கெட்டவன் என்று சொல்லிவிட முடியாது, பலவீனமானவன். கடைசியில் மற்றவர்களுக்குக் காற்று மிஞ்சட்டும் என்று, எல்லோரும் மயங்கிக் கிடக்கும் நேரத்தில் ஒரு கடிதத்தை எழுதி வைத்துவிட்டு, கதவைத் திறந்துகொண்டு விண்வெளியில் இறங்கிவிடுகிறான். பிள்ளைகள் பத்திரிகையில் தற்கொலையா என்று கத்தோலிக்க வட்டாரத்தில் ஆட்சேபம் எழவே, ஏதாவது அற்புதம் நடந்து தான் பிழைக்கவும் கூடும் என்ற பொருளில் ஒரு வரியை ஹெர்ஜே அந்தக் கடிதத்தில் சேர்க்க வேண்டியிருந்தது. அதைச் சேர்த்ததற்காக அவர் பின்னால் வருந்தினார். எனக்கும் அந்த வரி பிடிக்காது. படிக்கிற எந்தப் பிள்ளையும் அதை நம்புவதில்லை.

இங்கே குற்றவாளி அந்நிய நாட்டு ஆள். ஆனால் பாதி நம் ஆள். பனிப்போர்க் காலத்துப் பயம் அப்படித்தான் இருந்தது: எதிரி வெளியே இருக்கிறான், அவனுக்குக் கதவைத் திறப்பவன் உள்ளே இருக்கிறான். கதைக்காரர்கள் மட்டும் இப்படி யோசிக்கவில்லை. 1959-இல் அமெரிக்க ராணுவம் 'ப்ராஜெக்ட் ஹொரைசன்' என்று ஒரு திட்டம் தயாரித்தது. 1966 முடிவதற்குள் நிலாவில் ஒரு டஜன் ராணுவத்தினர் தங்கும் கோட்டை ஒன்றைக் கட்டுவது, அதைக் காக்க ஆயுதங்களும் கொண்டுபோவது. நல்லவேளை, காகிதத்தோடு நின்றது. 1967-இல் கையெழுத்தான விண்வெளி ஒப்பந்தம், நிலாவில் ராணுவத் தளம் கூடாது என்று தடுத்துவிட்டது. அதே ஒப்பந்தத்தின் 8-ஆவது பிரிவு, ஒரு நாடு பதிவுசெய்து அனுப்பிய கலத்தின் மீதும் அதிலுள்ள ஆட்களின் மீதும் அந்த நாட்டுக்கே அதிகாரம் என்கிறது. அதாவது நிலாவில் ஒரு குற்றம் நடந்தால், எந்த நாட்டுக் கூரைக்குக் கீழே நடந்தது என்று முதலில் பார்க்க வேண்டும். இரண்டு நாட்டுக் குடியிருப்புகளுக்கு நடுவே, வெட்டவெளியில் நடந்தால்? வக்கீல்களுக்கு நல்ல வேலை.

இது வெறும் கற்பனைக் கேள்வியில்லை. விண்வெளிச் சட்டம் பேசுகிறவர்கள் எடுத்துக்காட்டும் ஒரு வழக்கு ஆர்க்டிக் கடலில் நடந்தது. 'டி-3' என்று பெயரிட்ட மிதக்கும் பனித்தீவு. அதன் மேல் அமெரிக்க ஆராய்ச்சி முகாம். 1970 ஜூலையில் அங்கே இருந்தவர்கள் 19 பேர். உலர்திராட்சையில் காய்ச்சிய சாராயத்தைப் பற்றி ஒரு தகராறு. அதில் ஒருவர் கையிலிருந்த துப்பாக்கி வெடித்து, முகாமின் பொறுப்பாளரே இறந்துபோனார். துப்பாக்கி பழுதானது, விசையை அழுத்தாமலே வெடிக்கக்கூடியது. தீவோ நிலமும் இல்லை, கப்பலும் இல்லை. நகர்ந்துகொண்டே இருக்கும் பனிக்கட்டி. யாருடைய சட்டம்? சுட்டவரை அமெரிக்காவின் விர்ஜீனியாவுக்குக் கொண்டுபோய் விசாரித்துத் தண்டித்தார்கள். மேல்முறையீட்டில், விசாரிக்கும் அதிகாரம் உண்டா என்ற கேள்வியில் நீதிபதிகள் சரிபாதியாகப் பிரிந்தார்கள். ஆனால் தண்டனையை ரத்து செய்தார்கள். போலீஸ் இல்லாத, மருத்துவ வசதி இல்லாத, வீட்டுக் கதவுக்குப் பூட்டுகூட இல்லாத ஓர் இடத்தில் ஒருவன் நடந்துகொண்டதை, அந்த இடத்தின் நிலைமையை வைத்துத்தான் எடைபோட வேண்டும் என்பது ஒரு காரணம். மறுவிசாரணையில் அவர் விடுதலையானார்.

'ஸ்பேஸ் கேஸ்' படிக்கும்போது எனக்கு இந்த 19 பேர்தான் நினைவுக்கு வந்தார்கள். கிப்ஸின் கதையில் நிலாவாசி இல்லை, நாஜி இல்லை, உளவாளியைத் தேடியும் கதை தொடங்கவில்லை. சந்தேகம் பக்கத்து அறைமேல். ஒரே சாப்பாட்டுக் கூடம், ஒரே கழிப்பறை வரிசை, தண்ணீர் விட்டுக் குழைத்த அதே உலர்ந்த சாப்பாடு. எவர்மேல் சந்தேகமோ அவர் எதிரே உட்கார்ந்துதான் டாஷியல் சாப்பிட வேண்டும். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் முன்னால், குடியிருப்போருக்கான அதிகாரபூர்வக் கையேட்டிலிருந்து ஒரு பகுதி வரும். எல்லாம் சொர்க்கம் மாதிரி இருக்கும். அடுத்த பக்கத்தில் பையன் உண்மையைச் சொல்வான். அரசாங்க விடுதியில் தங்கியவர்களுக்கு இந்த நகைச்சுவை நன்றாகப் புரியும்.

என் நண்பர் ஒருவர், பேரப் பிள்ளைக்குக் கொலைக் கதையா வாங்கிக் கொடுப்பது என்று கேட்டார். தமிழ்வாணனின் சங்கர்லாலைப் பாடப்புத்தகத்துக்குள் வைத்துப் படித்து வளர்ந்த தலைமுறை கேட்கிற கேள்வியா இது! ஆனாலும் கேள்வி நியாயமானது, பதில் சொல்ல வேண்டும். கொலையைக் காட்டிப் பிள்ளையைப் பயமுறுத்தும் புத்தகங்கள் உண்டு. அவற்றை நானும் கொடுக்க மாட்டேன். இந்தப் புத்தகத்தில் ரத்தம் இல்லை. பெரியவர்கள் அவசரமாக ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள், ஆதாரம் வேறு மாதிரி இருக்கிறது, ஒரு பிள்ளை அதைச் சொல்லலாமா வேண்டாமா என்பதுதான் இதில் பிரச்சினை. சொன்னால் அந்தச் சின்ன ஊரின் நிம்மதி போகும், சொல்லாவிட்டால் கொலைகாரனோடு ஒரே காற்றைச் சுவாசிக்க வேண்டும். கதரீனா கெப்ளரின் ஊரில் அவசர முடிவு ஒரு கிழவியைச் சங்கிலியில் போட்டது. மகன் ஆதாரத்தை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்ததால் அவர் பிழைத்தார். பத்து வயதுப் பிள்ளைக்கு இந்த வித்தியாசத்தைப் பாடமாக நடத்தினால் கொட்டாவி விடும். கதையில் கொடுத்தால் தானாகப் பிடித்துக்கொள்ளும்.

நிலாவில் தடயமும் வேறு மாதிரி. காற்று இல்லாததால் வெளியே எவ்வளவு கத்தினாலும் கேட்காது. காலடித் தடத்தை அழிக்கக் காற்றும் மழையும் இல்லை, அப்போலோ வீரர்கள் பதித்தவை இன்னும் அப்படியே இருக்கின்றன. நிலாத் தூசி உடையில் அப்பிக்கொண்டு உள்ளே வரும். அதற்கு வெடித்த துப்பாக்கி மருந்தின் வாசனை என்று அங்கே போய்வந்தவர்கள் சொன்னார்கள். உடையில் ஓட்டை விழுந்தால் நினைவு தப்ப ஏறக்குறைய 15 வினாடிதான். 1966-இல் ஹூஸ்டனில், காற்றை வெளியேற்றிய சோதனை அறையில் உடையின் குழாய் கழன்று ஒரு தொழில்நுட்பர் சுமார் 14 வினாடியில் மயங்கினார். நாக்கில் எச்சில் கொதித்ததுதான் தனக்குக் கடைசியாக நினைவிருக்கிறது என்று பிழைத்து வந்து சொன்னார்.

உண்மையிலேயே நிலாவில் துப்பறிந்தவர் ஒருவரை நமக்குத் தெரியும். 2019 செப்டம்பரில் சந்திரயான்-2-இன் விக்ரம் கலம் தரையிறங்கும்போது தொடர்பு அறுந்தது. எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. நாசா தன் சுற்றுகலம் எடுத்த படங்களைப் பொதுவில் வைத்தது. சென்னையில் வேலைபார்த்த பொறியாளர் சண்முக சுப்பிரமணியன் இரவுகளில் உட்கார்ந்து, பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முன்பு இல்லாத ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது. எழுதிப் போட்டார். டிசம்பர் 2 அன்று நாசா அவர் பெயரைச் சொல்லி உறுதிசெய்தது. அந்தத் துண்டு கிடந்தது முக்கியமாக மோதிய இடத்திலிருந்து சுமார் 750 மீட்டர் தள்ளி. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும்போது அந்த ஒற்றைப் புள்ளியை மறக்காமல் சொல்லுங்கள்.

'ஸ்பேஸ் கேஸ்' ஆங்கிலம் எளிமையானது. ஏழாம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் தாங்களாகவே படிக்கலாம், சின்னப் பிள்ளைகளுக்கு இரவில் ஓர் அத்தியாயமாகப் படித்துக்காட்டலாம். தொடர்ச்சியாக 2016-லும் 2018-லும் இரண்டு புத்தகங்கள் வந்திருக்கின்றன. முதலாவதை முடித்துவிட்டு அவற்றுக்குப் போகட்டும், இல்லாவிட்டால் முடிவு தெரிந்துவிடும். டின்டின் கிடைத்தால் அதையும் பக்கத்தில் வையுங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை எந்த அத்தியாயத்தில் ஆளைக் கண்டுபிடித்தது என்று எனக்கு எழுதச் சொல்லுங்கள். அத்தியாய எண் போதும், பெயர் வேண்டாம்.